பெருவிரலால் சொல்லை மூடச் சொல்லும் ரீச்சர்: கல்லடி வாசிப்பு வகுப்பில் ஒரு வருடம்

மட்டக்களப்பு கல்லடியில், கடற்கரைப் பக்கம் போகும் ஒழுங்கை ஒன்றில், ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சர் ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் பெரியவர்களுக்கு வாசிப்பு வகுப்பு நடத்துகிறார். பெயர்ப்பலகை இல்லை, நோட்டீஸ் இல்லை, முகநூல் பக்கமும் இல்லை. வாய்வழியாகக் கேள்விப்பட்டுத்தான் எல்லோரும் வருகிறார்கள். நான் போன வருடம் தைப்பொங்கல் முடிந்த கிழமை சேர்ந்தேன், இன்னும் விடவில்லை. வகுப்பு எப்படி, கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலிலேயே ஒன்று. ஆங்கிலம் பேசப் பழக வேண்டும் என்பவருக்கு இந்த வகுப்பு சரிவராது. ஓரளவு வாசிக்கத் தெரியும், ஆனால் இரண்டு தெரிந்த சொற்கள் ஒட்டிக்கொண்டு ஒரு தெரியாத சொல்லாகி வழியை மறிக்கும்போது திகைத்து நிற்கிறேன் என்பவர்களுக்கு, மட்டக்களப்பில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நானும் அப்படி நின்றவள்தான். அதனால்தான் போனேன்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி, புரெவி சூறாவளி வந்த நாள். எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஆங்கிலத்தில் ஒரு வானிலை அறிவித்தலைப் போட்டார்கள். "அக்கா, இதைக் கொஞ்சம் தமிழில போடுங்க" என்று என்னிடம் கேட்டார்கள். அதில் 'லாண்ட்ஃபோல்' என்றொரு சொல். லாண்ட் தெரியும், நிலம். ஃபோல் தெரியும், விழுதல். நிலம் விழுந்தால் நிலச்சரிவுதானே. ஒரு நொடிகூட யோசிக்காமல், "இன்றிரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் நிலச்சரிவு ஏற்படலாம்" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பிறகு அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் 1978 நவம்பர் சூறாவளியை இதே மட்டக்களப்பில் கண்டவர். "கடலால வாற புயலுக்கும் மண் சரியிறத்துக்கும் என்ன புள்ள சம்பந்தம்? மறுகா ஒருக்கா வாசிச்சுப் பார்" என்றார். அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் அந்த வசனத்தில் என்ன வரலாம், என்ன வர முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்குள் குச்சவெளிப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் போன் எடுத்து, "எங்கட பக்கம் மலை இல்லத்தானே, அப்ப ஒண்டும் வராதுதானே" என்று கேட்கிறார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. புயல் கரையைக் கடக்கும் என்ற செய்தியைத்தான் நான் நிலம் சரியும் என்று எழுதியிருக்கிறேன், அவர் இருப்பதோ அது கரை கடக்கப்போகும் பக்கத்தில். நல்ல காலம், ரேடியோவில் சரியான அறிவித்தல் போனது, அவர்களும் நேரத்தோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டார்கள். அன்றிரவு புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றாலும் அந்தப் போன் குரல் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

அதற்குப் பிறகு நான் முதலில் போனது டவுனில் பெரிய பலகை போட்டிருந்த ஓர் ஆங்கில வகுப்புக்கு. பெயர் வேண்டாம். மூன்று மாதம் போனேன். கிழமைக்கு ஐம்பது சொல் பாடமாக்கிக்கொண்டு வரவேண்டும், திங்கட்கிழமை சோதனை. சோதனையில் நல்ல புள்ளிதான், ஆனால் பேப்பரைத் திறந்தால் பட்டியலில் இல்லாத சொல்தான் முன்னுக்கு நிற்கும். கூட்டுச்சொல்லைப் பட்டியல் போட்டு முடிக்கவே ஏலாது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலக்காரர் தேவைப்பட்ட நேரம் இரண்டு சொல்லை எடுத்து ஒட்டிப் புதுச்சொல் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், நாங்கள் தமிழில் செய்கிற மாதிரியே.

சரி, வகுப்புக்கு வருகிறேன். விறாந்தையில் இரண்டு நீள வாங்கு, ஒரு மேசை, சுவரில் சாய்த்து வைத்த ஒரு பலகை. அந்தப் பலகை பச்சை நிறம். முதல் நாள் ரீச்சர் அதைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். பிளாக்போர்ட் என்றோம். "கறுப்பா?" பச்சை. "பச்சைப் பலகையை ஏன் பிளாக்போர்ட் என்கிறீர்கள்?" ஒருவருக்கும் பதில் வரவில்லை. சேர்ந்து பழகிய பிறகு இரண்டு சொல்லும் தங்கள் பழைய பொருளைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துவிடும், கூட்டிப் பார்த்து விடை எடுக்கலாம் என்று முழுதாக நம்பக்கூடாது என்று அங்கிருந்துதான் தொடங்கினார்.

பிறகு அவருடைய முக்கியமான பழக்கத்தைச் சொல்லித் தந்தார். தெரியாத சொல் வந்தால் முதலில் அதைப் பெருவிரலால் மூட வேண்டும். உண்மையாகவே மூட வேண்டும், கண்ணால் தாண்டிப் போனால் விடமாட்டார், வந்து கையைப் பிடித்து வைப்பார். அன்றைக்குத் தந்த வசனத்தின் பொருள் இது: கல்லடிப் பழைய பாலம் பல வருடமாக ஒரு இன்னது, அதனால் இரண்டு பக்கத்து வாகனங்களும் முறை வரும்வரை காத்து நின்றன. அந்த 'இன்னது' விரலுக்குக் கீழே. மூடிக்கொண்டு வாசித்தால் எங்களுக்குப் பாலம் கண்முன் வந்துவிட்டது. 1924இல் திறந்த அந்த ஒடுக்கமான பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் வந்து முடிந்தால்தான் மற்றப் பக்கம் போகலாம், 2013இல் புதுப்பாலம் திறக்கும்வரை நாங்கள் எல்லோரும் அங்கே நின்றவர்கள்தானே. 'அதனால்' என்ற சொல் இருக்கிறது, ஆகவே காத்து நிற்க வைக்கிற ஏதோ ஒன்றுதான் விரலுக்குக் கீழே இருக்க வேண்டும். நெரிசல், தடை, ஒடுக்கம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். இப்போது விரலை எடுக்கச் சொன்னார். 'பொட்டில்நெக்'. போத்தலின் கழுத்து. பெரிய போத்தல் என்றாலும் கழுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே தண்ணீர் வரும்! அகராதியைத் திறக்கவே இல்லை, சொல் வந்துவிட்டது. அன்றைக்குப் பாலத்தால் சைக்கிளில் திரும்பி வரும்போது முழுக்க எனக்கு அந்தச் சொல்தான் மனதில்.

இந்த வரிசையை அவர் மாற்றவே விடமாட்டார். முதலில் வசனம், பிறகு சொல், கடைசியில் அகராதி. நான் 2020இல் சொல்லில் இருந்து தொடங்கினேன், அம்மா வசனத்தில் இருந்து தொடங்கினார்.

விரலை எடுத்த பிறகு சொல்லை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் இந்த வகுப்புக்கு எங்கும் இல்லாத ஒரு தனித்தன்மை இருக்கிறது. ரீச்சர் ஆங்கில இலக்கணப் பெயர் ஒன்றும் சொல்லமாட்டார், நாங்கள் ஓ.எல்லுக்குப் பாடமாக்கிய தொகைநிலைத் தொடரைத்தான் எடுப்பார், இரண்டு சொல் சேரும்போது இடையில் வரவேண்டிய உருபு மறைந்து நிற்கிற தொடர். வேற்றுமை, வினை, பண்பு, உவமை, உம்மை, அன்மொழி என்று ஆறு தொகை, தொல்காப்பியத்திலும் இருக்கிறது, நன்னூலிலும் இருக்கிறது. அந்தக் காலத்தில் புள்ளிக்காகப் பாடமாக்கிவிட்டு மறந்துபோனது. அது ஆங்கிலம் வாசிக்க உதவும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆங்கிலக் கூட்டுச்சொல்லில் பெரும்பாலும் கடைசித் துண்டுதான் தலை. தமிழிலும் அப்படித்தான். தென்னைமரம் ஒரு வகை மரம், மரக்கறி ஒரு வகைக் கறி. ஆகவே கடைசித் துண்டைப் பார்த்தால் எந்த இனத்துப் பொருள் என்பது பிடிபடும். ஆனால் முன் துண்டு அதனோடு எப்படி உறவு என்பதைச் சொல் சொல்லாது, அந்த உருபு மறைந்திருக்கும். இதைச் சொன்னபோது எங்களோடு வாவியில் மீன்பிடிக்கிற ஒரு அண்ணன் இருக்கிறார், அவர் கேட்டார்: "ரீச்சர், மீன்வலை மீனைப் பிடிக்கும். அப்ப நுளம்புவலை நுளம்பைப் பிடிக்குமா?" எல்லோரும் சிரித்தார்கள், ரீச்சர் சிரிக்கவில்லை. பலகையில் இரண்டையும் எழுதினார். ஃபிஷ் நெட், மொஸ்கிட்டோ நெட். இரண்டும் வலைதான். ஒன்று உள்ளே பிடித்து வைக்க, மற்றது உள்ளே வரவிடாமல் தடுக்க. சொல்லின் அமைப்பில் ஒரு வித்தியாசமும் இல்லை, இரண்டு மொழியிலும் இல்லை. மீனை நாங்கள் தின்கிறோம், நுளம்பு எங்களைத் தின்கிறது என்ற அறிவுதான் பொருளைப் பிரித்துத் தருகிறது. அந்த அறிவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதை ஆங்கில வகுப்புக்கு வரும்போது வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள் என்றார். அன்றிலிருந்து அந்த அண்ணன் வகுப்பில் முன்வாங்கில்தான் இருக்கிறார்.

அதே மாதிரித்தான் மில். ரைஸ் மில் நெல்லைக் குற்றுகிறது, இரண்டாம் வேற்றுமை. விண்ட்மில் காற்றைக் குற்றவில்லை, காற்றால் சுழல்கிறது, மூன்றாம் வேற்றுமை. ஹெட்ஏக் தலையில் வருகிற நோவு, எங்கள் தலையிடி. ரன்வே என்றால் விமானம் ஓடுகிற ஓடுபாதை, ஓடிய பாதை, ஓடுகின்ற பாதை, ஓடும் பாதை என்று மூன்று காலத்துக்கும் விரியும், சுத்தமான வினைத்தொகை. ரேசர்-ஷார்ப் உவமைத்தொகை, சவரக்கத்தி போலக் கூர்மை. பிட்டர்ஸ்வீட் உம்மைத்தொகை, கசப்பும் இனிப்பும்.

அன்மொழித்தொகைக்கு வந்ததும் எனக்குப் புல்லரித்தது. 'ஸ்கேர்குரோ' என்ற சொல்லில் கடைசித் துண்டு காகம். ஆனால் அது காகம் இல்லை, காகத்தை வெருட்டுகிற பொருள், வயலில் நாங்கள் நட்டு வைக்கிற வெருளி. பிக்பொக்கட் பொக்கட்டு இல்லை, பொக்கட்டில் அடிக்கிற ஆள். தலை சொல்லுக்குள்ளேயே இல்லை, வெளியே நிற்கிறது. ஆங்கில இலக்கணக்காரர் இந்த வகைச் சொற்களில் ஒரு பகுதிக்கு இன்றும் 'பகுவிரீகி' என்ற சமஸ்கிருதப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள், பகு என்றால் அதிகம், விரீகி என்றால் நெல். நெல் அதிகம் உள்ளவன், அதாவது பணக்காரன். இதைக் கேட்டதும் அம்பாறைப் பக்கத்தில் இருந்து வருகிற வயல்காரத் தம்பி, "அப்ப அது எங்கட போடியார்தான் ரீச்சர்" என்றான். அதைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

காத்தான்குடியில் இருந்து புடவைக்கடை வைத்திருக்கிற நானா ஒருவரும் வருகிறார். பிரேக்ஃபாஸ்ட் என்ற சொல்லை நாங்கள் சின்ன வயதில் இருந்து காலைச் சாப்பாடு என்று ஒரே துண்டாக விழுங்கிவிட்டோம், அதற்குள் இரண்டு சொல் இருப்பதே தெரியாது. நானா ஒரு நாள் கொப்பியில் அதைப் பிரித்து எழுதிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஃபாஸ்ட் என்றால் நோன்பு. பிரேக் என்றால் முறிக்கிற. இது நோன்பு திறக்கிறதல்லவா? நாங்கள் பொழுதுபட மஃரிபுக்குச் செய்கிறதை இவர்கள் காலையில் செய்கிறார்கள்." இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததை முறிக்கிற சாப்பாடு. நாற்பது வருடமாக வாயில் இருந்த சொல் அவருக்கு அன்றைக்குத்தான் திறந்தது.

ஃபோல் குடும்பத்துக்கு ஒரு முழுப் பின்னேரம் போனது, எனக்கு அது சொந்த விஷயம். ரெயின்ஃபோல் மழைவீழ்ச்சி. வோட்டர்ஃபோல் நீர்வீழ்ச்சி. நைட்ஃபோல் என்றால் இருட்டுப்படும் நேரம். ஷோர்ட்ஃபோல் என்றால் குறைந்து போதல், சேர்த்த காசு எட்டவேண்டிய அளவுக்குக் கீழே விழுந்துவிட்டது. விண்ட்ஃபோல் எனக்கு மிகவும் பிடித்தது. காற்றுக்கு விழுந்த பழம். பறிக்கவில்லை, ஏறவில்லை, காலையில் எழும்பிப் பார்த்தால் மாமரத்தடியில் கிடக்கிறது. இப்போது எதிர்பாராமல் கையில் வருகிற பணத்துக்கெல்லாம் அதுதான் சொல். கச்சான் காற்று வீசுகிற நாட்களில் மாங்காய் பொறுக்கிய எவருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அப்புறம் லாண்ட்ஃபோல். அது மாலுமிகளின் சொல்லாம். நாள் கணக்காகக் கடலில் கிடந்துவிட்டு முதன்முதல் கரையைக் காண்பது, கரையை வந்து சேர்வது. அங்கே ஃபோல் என்பது கீழே விழுவது கிடையாது, போய்ப் படுவது, எதிர்ப்படுவது. கப்பலுக்குச் சொன்னதைப் பிறகு புயலுக்கும் சொன்னார்கள். பலகையில் அதைப் பார்த்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன். வகுப்பு முடிந்த பிறகு ரீச்சரிடம் அந்த 2020 கதையைச் சொன்னேன். "உங்கட அம்மாவை ஒரு நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்க மகள்" என்றார். கூட்டிக்கொண்டும் போனேன்.

ஒரே சொல் இரண்டு எதிர்ப்பொருள் தருகிற இடத்தில் வசனத்தை விட்டால் வேறு கதியே இல்லை. எங்கள் வகுப்பில் ஒருவருக்கு ஓர் அலுவலகத்தில் இருந்து ஆங்கிலக் கடிதம் வந்திருந்தது, ஒரு 'ஓவர்சைட்' காரணமாகப் பட்டியலில் அவருடைய பெயர் விடுபட்டுவிட்டதாம். ஓவர் மேல், சைட் பார்வை, ஆகவே மேற்பார்வை. யாரோ மேலதிகாரி பார்த்து வேண்டுமென்றே தன் பெயரை எடுத்துவிட்டான் என்று ஒரு மாதம் கொதித்துக்கொண்டிருந்தார். ரீச்சர் விரலால் மூடச் சொன்னார். ஒரு 'இன்னது' காரணமாக உங்கள் பெயர் விடுபட்டுவிட்டது, வருந்துகிறோம், அடுத்த பட்டியலில் சேர்க்கிறோம். வருந்துகிறோம் என்று எழுதுகிறவன் எதைச் செய்திருப்பான்? தவறு செய்திருப்பான். அங்கே ஓவர்சைட் என்றால் கவனப்பிசகு, கண் மேலால் போய்விட்டது. பாராளுமன்றத்தின் ஓவர்சைட் என்று பேப்பரில் வந்தால் அது மேற்பார்வைதான். இன்னொரு அடையாளமும் காட்டித் தந்தார்: முன்னால் 'ஆன்' என்று ஒன்றைக் குறிக்கிற சொல் நின்றால் பெரும்பாலும் பிழை, ஏனென்றால் பிழையை ஒன்று இரண்டு என்று எண்ணலாம், மேற்பார்வையை எண்ண முடியாது. ஓவர்லுக் என்பதும் இப்படித்தான். வீடு வாவியை ஓவர்லுக் பண்ணினால் வாவி தெரிகிறது. எழுதுவினைஞர் விண்ணப்பத்தை ஓவர்லுக் பண்ணினால் விண்ணப்பம் தெரியவில்லை.

இந்த முறை எல்லா இடத்திலும் கைகொடுக்காது என்பதையும் அவரே சொல்கிறார், அதனால்தான் எனக்கு அவரில் நம்பிக்கை. பின்பக்கத்தில் ஒரு தாளில் பிரித்துப் பார்த்தால் ஏமாற்றுகிற சொற்களை எழுதச் சொல்வார். பிளாக்மெயில் கறுப்புக் கடிதம் கிடையாது. அந்த மெயில் கடிதத்தைக் குறிக்கிற சொல்லே இல்லை, வரி அல்லது கப்பம் என்ற பொருளில் இருந்த வேறொரு பழைய சொல், இங்கிலாந்து ஸ்கொட்லாந்து எல்லையில் கொள்ளைக்காரருக்குக் கட்டிய கப்பம். டெட்லைன் என்பது அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்துச் சிறையில், தாண்டினால் சுடப்படும் என்று கைதிகளுக்குப் போட்ட கோடு. கொக்ரோச் கூட்டுச்சொல்லே கிடையாது, கரப்பானுக்கு ஸ்பானிய மொழியில் இருந்த பெயர் ஆங்கில வாயில் அப்படித் திரிந்தது. ஹம்பர்கரில் ஹாம் என்கிற பன்றியிறைச்சி இல்லை, ஹம்பர்க் என்ற ஊர்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பிழையாகப் பிரித்த ஆட்கள் பர்கர் என்று ஒரு துண்டை வெட்டி எடுத்து, சீஸ்பர்கர் செய்து, இன்றைக்கு உலகமே அதைச் சாப்பிடுகிறது. இப்படியான சொல்லில் பிரிப்பது உதவாது, வசனம் ஓரளவு உதவும், மிச்சத்துக்கு அகராதிதான்.

இதற்கு நேர்மாறாக ஆங்கிலக்காரன் பிரிக்க முடியாமல் நிற்க, நாங்கள் மட்டும் பிரிக்கக்கூடிய சொற்களும் இருக்கின்றன. கட்டமரான் என்பது எங்கள் கட்டுமரம். மலிகட்டோனி என்ற சூப் எங்கள் மிளகுத்தண்ணீர். அனிகட் என்பது அணைக்கட்டு, நீர்ப்பாசன ஆங்கிலத்தில் இன்றும் இருக்கிற சொல். இந்தக் கடைசிச் சொல்லை அந்த அம்பாறைத் தம்பிதான் கொண்டுவந்தான், சின்ன வயதில் இருந்து பலகையில் பார்த்து ஏதோ வெள்ளைக்காரச் சொல் என்று நினைத்திருந்தானாம். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குகிற வேலையில் நின்றவர். அவருடைய சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது. ஓர் ஆங்கிலக் கூட்டுச்சொல்லைத் துண்டுதுண்டாகப் பிரித்துத் தமிழ்த் தொகையில் வைத்துப் பார்க்கிற இந்த வகுப்பு அதே கல்லடியில் நடப்பது எனக்கு மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

பேப்பர் தலைப்புக்கு இது எப்படிப் பயன்படுகிறது என்பதையும் சொல்லவேண்டும். ஃபிளட் ரிலீஃப் ஃபண்ட் டிலே என்று நாலு பெயர்ச்சொல் வினையே இல்லாமல் வரிசையாக நின்றால் முன்பு பக்கத்தைத் திருப்பிவிடுவேன். இப்போது கடைசியில் இருந்து வருகிறேன். தாமதம். எதன் தாமதம், நிதியின். என்ன நிதி, நிவாரணம். எதற்கான நிவாரணம், வெள்ளத்துக்கு. வெள்ள நிவாரண நிதித் தாமதம், தமிழிலும் அதே வரிசைதான்! சேர்த்து எழுதுகிறார்களா, கோடு போடுகிறார்களா, பிரித்து எழுதுகிறார்களா என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம் என்பார், ஒரே சொல்லை மூன்று விதமாகவும் எழுதுவார்கள், ஒரு காலத்தில் கோடு போட்ட டுடே, டுமோரோ எல்லாம் இப்போது ஒட்டிவிட்டன.

குறைகள் இருக்கின்றன. உச்சரிப்பில் இந்த வகுப்பு பலவீனம். கிரீன்ஹவுஸ் என்பதில் முதல் துண்டை அழுத்தினால் செடி வளர்க்கிற கண்ணாடி வீடு, இரண்டாவதை அழுத்தினால் பச்சை பூசிய வீடு என்று ஒருநாள் மேசையில் தட்டிக் காட்டினார், அதோடு சரி, அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. காது பழக விரும்புகிறவர் வேறு இடம் பார்க்க வேண்டும். போட்டோக்கொப்பித் தாள்கள் மங்கல், கண்ணாடி போட்டவர்கள் கஷ்டப்படுகிறார்கள். கரண்ட் போனால் விறாந்தையில் வியர்த்து ஊற்றும். மாரியில் ஒழுங்கை முழங்கால் தண்ணீர், வகுப்பு நடக்குமா என்பது அங்கே போன பிறகுதான் தெரியும், ஒரு சின்ன மெசேஜ் போட்டால் எவ்வளவு நல்லது, நாங்கள் கேட்டும் அவர் இன்னும் அதற்குப் பழகவில்லை. தமிழ் இலக்கணம் பிடிக்காத இரண்டு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், ஆங்கிலம் படிக்க வந்த இடத்தில் வேற்றுமை உருபு எதற்கு என்று. அவர்களில் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் இன்னும் ஒரு மாதம் இருந்திருக்கலாம். எளிய வசனம் வாசிக்கத் தெரியாதவர் சேர்ந்தால் பின்தங்கிவிடுவார், அடிப்படை அங்கே சொல்லித்தரப்படுவதில்லை. ஓ.எல். சோதனைக்குப் பிள்ளைகளை அனுப்பக் கேட்டால் மறுத்துவிடுவார்.

மாதம் 2000 ரூபாய். சனி, ஞாயிறு பின்னேரம் 4 மணியில் இருந்து 6 மணி வரை. இப்போது பதினொரு பேர் இருக்கிறோம், இரண்டு வாங்கிலும் அவ்வளவுதான் இருக்கலாம். டவுனில் கொடுத்த காசோடு பார்த்தால் பாதிக்கும் குறைவு. கஷ்டப்பட்ட ஒருவரிடம் அவர் காசு கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். உச்சரிப்பும் மாரிக்கால ஒழுங்கீனமும் இல்லாவிட்டால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன், இப்போதைக்கு நாலு.

போன மாரியில் எங்கள் குழுவில் திரும்பவும் ஓர் ஆங்கில அறிவித்தல் வந்தது. குளத்தைப் பற்றியது, 'ஸ்பில்வே' என்றொரு சொல், எனக்குப் புதிது. பெருவிரலால் மூடினேன். நீர்மட்டம் கூடியதால் இன்னது திறக்கப்படும், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் கவனம். எடுத்துப் பார்த்தேன். ஸ்பில் வழிதல், வே பாதை. தலை பாதை, வழிந்து போகிற பாதை. எங்களுக்கு அது குளத்து வான். அதற்குப் பிறகு அகராதியிலும் பார்த்து உறுதிப்படுத்திவிட்டுத்தான் "வான்கதவு திறக்கப்படும், ஆற்றோரத்து ஆட்கள் மாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்று எழுதினேன். எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகே அனுப்பினேன். "இப்ப சரி" என்றார்.

சேர விரும்பினால் தைப்பொங்கலுக்குப் பிறகு போங்கள், அப்போதுதான் புதிய ஆட்களை எடுக்கிறார். கல்லடிப் பாலம் தாண்டி இறங்கி, கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கைகளில் ஆங்கில ரீச்சர் வீடு எது என்று எந்தக் கடையில் கேட்டாலும் காட்டுவார்கள். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். பேனை கொண்டு போகாதீர்கள், ஊகத்தை அழித்து எழுத வேண்டி வரும் என்று முதல் நாளே வாங்கி மேசையில் வைத்துவிடுவார்.